எட்டாத தொலைபேசி எண்: அமெரிக்கப் பொது வானொலி ஒரு சீனச் செய்தியைத் திரும்பப் பெற்ற நிகழ்வு

2012 ஜனவரி 6 அன்று ‘திஸ் அமெரிக்கன் லைஃப்’ வானொலி நிகழ்ச்சியின் 454ஆவது பகுதி ஒலிபரப்பானது. தயாரிப்பு சிகாகோ பப்ளிக் மீடியா. அப்போது அதை அமெரிக்கா முழுவதும் 500க்கும் மேற்பட்ட பொது வானொலி நிலையங்களுக்கு விநியோகித்து வந்தது பப்ளிக் ரேடியோ இன்டர்நேஷனல். அந்த ஒரு மணி நேரத்தில் 39 நிமிடம் ஒரே ஆளின் குரல்தான். மைக் டெய்சி என்ற மேடைக் கலைஞர் சீனாவின் ஷென்ஜென் நகரத்துக்குப் போனது, ஆப்பிள் நிறுவனத்துக்குப் பொருள் செய்து கொடுக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் வாசலில் நின்றது, மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொழிலாளர்களிடம் பேசியது என்று எல்லாவற்றையும் அவரே சொன்னார்.

கேட்டவர்கள் ஆடிப்போனார்கள். வழக்கமாக 7,50,000 முறை பதிவிறக்கப்படும் பாட்காஸ்ட் இந்த முறை 8,88,000ஐத் தொட்டது. கேட்டவர்களில் ஒருவர் தொடங்கிய மனுவில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். அது ஆப்பிள் நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டது.

சரியாகப் பத்து வாரம் கழித்து, மார்ச் 16 அன்று, அதே நிகழ்ச்சி தன் 460ஆவது பகுதியை முழுதாக ஒதுக்கி, அந்தச் செய்தியைத் திரும்பப் பெற்றது. டெய்சி பார்த்ததாகச் சொன்ன முக்கியமான காட்சிகள் பலவற்றை அவர் பார்த்திருக்கவில்லை.

ஒருவர் பொய் சொன்னார், நிகழ்ச்சி ஏமாந்தது என்று இதை முடித்துவிடுவது வழக்கம். வெளிநாட்டுச் செய்தியை உள்ளூர் நேயருக்குக் கொண்டுசேர்க்கும் வேலையில் இருப்பவர்களுக்கு அது போதாது. சரிபார்ப்பு நடந்தது. பல நாள் நடந்தது. அப்படியிருந்தும் பொய் உள்ளே வந்தது. எந்த வாசல் வழியாக வந்தது என்பதுதான் பார்க்க வேண்டியது.

சரிபார்த்தவை, சரிபார்க்காதவை

ஒலிபரப்புக்கு முன்பே நிகழ்ச்சியின் தொகுப்பாளர் ஐரா கிளாஸும் தயாரிப்பாளர் பிரையன் ரீடும் டெய்சியிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்: மேடையில் எப்படியோ, வானொலியில் போவது செய்திக்குரிய அளவுகோலில் நிற்க வேண்டும். பிறகு டெய்சியின் மேடைத் தனியுரையில் வரும் தகவல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, சீன ஆலைகளை அறிந்த வல்லுநர்களிடமும் அறிக்கைகளிலும் ஒத்துப்பார்த்தார்கள்.

ஒத்துவந்தது. சிறார் தொழிலாளர்கள் உண்டா? உண்டு. 2010இல் நடந்த தணிக்கையில், பொருள் வழங்கும் 10 ஆலைகளில் வயது குறைந்த 91 பேரைக் கண்டுபிடித்ததாக ஆப்பிளே வெளியிட்டிருந்தது. ஹெக்ஸேன் என்ற வேதித் திரவத்தின் நஞ்சால் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டார்களா? பாதிக்கப்பட்டார்கள், 137 பேர் என்று அதே அறிக்கை சொன்னது. நீண்ட வேலைநேரம், நெருக்கடியான விடுதிகள், தற்கொலைகள் எல்லாமே ஆவணங்களில் இருந்தவை.

இந்தச் சரிபார்ப்பு எல்லாம் ‘இப்படி நடக்கக்கூடுமா?’ என்ற கேள்விக்கு விடை தேடியது. ‘இதை இந்த ஆள் பார்த்தாரா?’ என்பது வேறு கேள்வி. அதற்கு விடை சொல்லக்கூடியவர் உலகத்தில் டெய்சியைத் தவிர ஒரே ஒருவர்தான் இருந்தார்: அந்தப் பயணம் முழுக்கக் கூடவே இருந்த மொழிபெயர்ப்பாளர். அவருடைய எண்ணைக் கேட்டபோது, ஒலிபரப்பில் வரும் பெயர் அவருடைய உண்மைப் பெயர் இல்லை, தன்னிடம் உள்ள கைபேசி எண்ணும் இப்போது வேலை செய்யவில்லை என்று டெய்சி சொன்னார். நிகழ்ச்சிக்குழு அதை ஏற்றுக்கொண்டு மேலே போனது.

அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும் என்று கிளாஸ் பிறகு ஒலிபரப்பிலேயே ஒப்புக்கொண்டார். பொதுத் தகவல்கள் அத்தனையும் சரியாக வந்த பிறகு, மிச்சமிருக்கும் ஒரே ஒரு இடைவெளி சின்னதாகத் தெரிகிறது. பத்தில் ஒன்பது டிக் விழுந்துவிட்டது, பத்தாவது கிடைக்கவில்லை என்ற கணக்கு மனதில் ஓடுகிறது. ஆனால் நேரில் கண்டதாகச் சொல்லப்படும் செய்தியில் அந்தப் பத்தாவதுதான் அடித்தூண். மற்ற ஒன்பதும் நூலகத்தில் உட்கார்ந்தே கிடைக்கக்கூடியவை. சொல்லப்போனால், அந்த ஒன்பதைப் படித்துவிட்டுத்தான் ஒருவர் நம்பும்படியான பத்தாவதை உருவாக்க முடியும்.

ஷாங்காயில் இருந்த ஒரு செய்தியாளர்

‘மார்க்கெட்பிளேஸ்’ இன்னொரு பொது வானொலி நிகழ்ச்சி. அமெரிக்கன் பப்ளிக் மீடியாவின் பொருளாதாரச் செய்தி. அதன் சீனச் செய்தியாளர் ராப் ஷ்மிட்ஸ் ஷாங்காயில் இருந்தார். 454ஆவது பகுதியைக் கேட்டபோது அவருக்குச் சில இடங்கள் உறுத்தின. ஆலை வாசலில் காவலாளிகள் துப்பாக்கி வைத்திருந்ததாக டெய்சி சொன்னார். சீனாவில் ராணுவம், போலீஸ் போன்ற சிலரைத் தவிர வேறு யாரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. தனியார் ஆலைக் காவலாளியிடம் அது இருக்க வழியே இல்லை. சட்டவிரோதமாகத் தொழிற்சங்கம் கட்டுகிறவர்கள் ஸ்டார்பக்ஸ் கடையில் கூடிப் பேசினார்கள் என்றார். ஆலைத் தொழிலாளியின் கூலியில் அந்தக் கடைக் காப்பி என்ன விலை என்று தெரிந்தவருக்கு இது உடனே நெருடும். நியூயார்க்கில் உட்கார்ந்திருப்பவருக்கு நெருடாது. அவருடைய ஊரில் எல்லோரும் அங்கேதானே கூடுகிறார்கள்.

ஷ்மிட்ஸ் செய்தது மிக எளிமையான வேலை. தனியுரையிலேயே சொல்லப்பட்ட மொழிபெயர்ப்பாளரின் பெயர், அவருடைய தொழில், நகரத்தின் பெயர் மூன்றையும் கூகுளில் தட்டினார். ஆள் கிடைத்தார். ஒலிபரப்பில் வந்த பெயர்தான் அவர் தொழிலில் பயன்படுத்தும் பெயர். ஷ்மிட்ஸ் ஷென்ஜென் போய் அவரை நேரில் சந்தித்து, டெய்சி சொன்ன காட்சிகளை ஒவ்வொன்றாகக் கேட்டார்.

துப்பாக்கி? பார்த்ததில்லை. ஹெக்ஸேனால் கை நடுங்கிய தொழிலாளர்கள்? யாரையும் சந்திக்கவில்லை. இயந்திரத்தில் நசுங்கிய கையோடு ஒரு முதியவர் ஐபேடின் திரையைத் தடவிப்பார்த்து வியந்தது? அப்படி எதுவும் நடக்கவில்லை. போன ஆலைகளின் எண்ணிக்கையே டெய்சி சொன்னதைவிடக் குறைவு.

ஹெக்ஸேன் விஷயத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். தொடுதிரையைத் துடைக்க ஆல்கஹாலுக்குப் பதிலாக அந்தத் திரவத்தைப் பயன்படுத்தினார்கள். அது சீக்கிரம் ஆவியாகும். சீக்கிரம் உலர்ந்தால் வரிசை சீக்கிரம் நகரும். காற்றோட்டமில்லாத அறையில் அதை மாதக்கணக்கில் மூச்சில் இழுத்தவர்களுக்குக் கை கால் நரம்புகள் பாதிக்கப்பட்டன: மரத்துப்போதல், தளர்ச்சி, நடக்கவே சிரமம். இதெல்லாம் உண்மை. ஆனால் நடந்தது சுஜோ நகரத்தில், வின்டெக் நிறுவனத்தின் ஆலையில். ஷென்ஜெனிலிருந்து அது ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். வரைபடத்தை விரித்து, எந்த ஆலை, எந்த ஊர், இவர் அங்கே போனாரா என்று கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் பிடிபட்டிருக்கும். சரிபார்ப்பு ‘சீனாவில் நடந்ததா?’ என்று கேட்டது. சீனா ஒரு ஊர் இல்லை.

வயதைக் கேட்பது எப்படி

12, 13, 14 வயதுக் குழந்தைகளை ஆலை வாசலில் சந்தித்ததாக டெய்சி சொன்னது கேட்டவர்களை மிகவும் கலங்கவைத்த பகுதி. மொழிபெயர்ப்பாளர் அதை மறுத்தார். இந்த நிகழ்வை விட்டுத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், வேற்றுமொழியில் வயதைக் கேட்பதே தனி வேலை.

சீனாவில் சட்டப்படி வேலைக்கு எடுக்கக்கூடிய குறைந்த வயது 16. ஆனால் வயதைச் சொல்ல அங்கே பழைய கணக்கு ஒன்றும் புழங்குகிறது: பிறக்கும்போதே ஒரு வயது, பிறகு ஒவ்வொரு புத்தாண்டிலும் ஒன்று கூடும். அந்தக் கணக்கில் 16 சொல்பவருக்கு நிறைந்த வயது 15 இருக்கலாம், 14கூட இருக்கலாம். தமிழில் நாம் ‘பதினாறு நடக்குது’ என்போம். பதினைந்து முடிந்திருக்கிறது என்று பொருள். அவசரத்தில் மொழிபெயர்ப்பவர் இதை 16 என்றே சொல்லிவிடுவார். சட்டத்தின் கோடு சரியாக அந்த எண்ணில் இருக்கும்போது அந்த ஒரு வருடம்தான் மொத்தச் செய்தியே.

அதனால் வயதைக் கேட்காமல் பிறந்த வருடத்தைக் கேட்பது நல்லது. அடையாள அட்டை காட்டச் சம்மதித்தால் இன்னும் நல்லது. சீன அடையாள எண்ணில் 18 இலக்கங்கள். 7ஆவதிலிருந்து 14ஆவது வரை உள்ள எட்டும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். ஒரு எழுத்தும் சீன மொழி தெரியாத செய்தியாளர்கூட அதைப் படிக்கலாம். அண்ணன், அக்காவின் அட்டையைக் கொண்டு வேலைக்குச் சேருவதும் உண்டு என்பதால் புகைப்படத்தையும் முகத்தையும் ஒத்துப்பார்க்க வேண்டும்.

டேப் எங்கே?

வானொலிக்காரர்கள் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. 39 நிமிடத்தில் தொழிலாளி ஒருவரின் குரல்கூட இல்லை. ஆலைச் சங்கு இல்லை, வாசலின் இரைச்சல் இல்லை, மொழிபெயர்ப்பாளரின் குரல் இல்லை. பார்வையாளர் முன் ஒருவர் பேசிய பதிவு மட்டும்தான்.

வெளிநாட்டுச் செய்தியில் ஒலி வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அதுவே சான்று. ஒழுங்காகச் செய்த நான்கு நிமிட அறிக்கையில், செய்தியாளர் சம்பவ இடத்தில் மைக்கைத் திறந்து முதலில் தேதி, நேரம், இடம், எதிரே நிற்பவரின் பெயர் ஆகியவற்றைச் சொல்லிப் பதிவுசெய்கிறார். பேட்டி முடிந்த பிறகு யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் எடுக்கிறார். பேட்டியில் கேள்வி, அந்த ஊர் மொழியில் அதன் வடிவம், பதில், மொழிபெயர்ப்பு என்று நான்கும் ஒரே கோப்பில் இருக்கின்றன. பிறகு சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம்.

ஒலிபரப்பில் அது எப்படி வருகிறது என்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. பேசுபவரின் சொந்தக் குரல் முதலில் இரண்டு மூன்று விநாடி முழு ஒலியில் வருகிறது. பிறகு அதைத் தாழ்த்தி, மேலே மொழிபெயர்ப்புக் குரல் ஏறுகிறது. முடியும்போது மூலக்குரலின் கடைசிச் சொற்கள் மறுபடி மேலே வருகின்றன. நேயர்களில் அந்த மொழி தெரிந்தவர்கள் எப்போதும் இருப்பார்கள். அந்த இரண்டு மூன்று விநாடி அவர்கள் கையில் கொடுக்கும் சாவி. மொழிபெயர்ப்பு தவறினால் முதல் தொலைபேசி அழைப்பு அவர்களிடமிருந்துதான் வரும்.

மொழிபெயர்ப்பில் வரும் வழக்கமான பிழை பொய் அல்ல, சுருக்கம். தொழிலாளி 40 விநாடி பேசுகிறார். மொழிபெயர்ப்பாளர் எட்டு விநாடியில் ‘வேலை கடினம் என்கிறார்’ என்று முடிக்கிறார். மிச்சம் 32 விநாடியில்தான் பெரும்பாலும் செய்தி இருக்கும். ஷென்ஜென் போன்ற ஊரில் இன்னொரு சிக்கல்: தொழிலாளர்கள் ஹூனான், ஹெனான், சிச்சுவான் என்று பல மாகாணங்களிலிருந்து வந்தவர்கள், அவரவர் வட்டாரப் பேச்சு வேறு. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாடு விஷமானதை எதிர்த்துச் சாலைக்கு வந்தது நினைவிருக்கும். அங்கே ஒரு பெண் ‘சூப்பர்வைசர் சத்தம் போட்டார்’ என்றால் திட்டினார் என்று நமக்குப் புரியும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அவர் வெறுமனே கூச்சலிட்டார் என்று ஆகிவிடும்.

இதற்கு நம்பகமான மருந்து ஒன்றுதான். களத்தில் வராத, முதல் மொழிபெயர்ப்பைப் பார்க்காத, அந்த வட்டாரப் பேச்சு தெரிந்த இன்னொருவரிடம் மூலப்பதிவைக் கொடுத்து, பயன்படுத்தப்போகும் பகுதிகளை முழுதாக மறுபடி பெயர்க்கச் சொல்வது. ஐந்து நிமிட டேப்புக்கு ஒன்றிரண்டு மணி நேரமாவது பிடிக்கும். காசும் செலவாகும். செய்யாமல் விடப்படுவது பெரும்பாலும் அதனால்தான்.

ஸ்கிரிப்டைச் சரிபார்க்கும்போது ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும்: பார்த்தது, கேட்டது, படித்தது. ‘பார்த்தது’ என்று குறித்த வரிக்குப் பக்கத்தில் கூட இருந்தவரின் பெயரும் எண்ணும் வர வேண்டும். டெய்சியின் உரையை இப்படிக் குறித்திருந்தால் மிக வலுவான வரிகள் எல்லாம் ‘பார்த்தது’ பக்கத்திலும், அவற்றின் எதிரே வெற்றிடமும் நின்றிருக்கும். டெய்சி எண்ணைத் தருவதை நான்கு நாள் தள்ளிப்போட்டிருந்தாலும் அந்த வெற்றிடம் கண்ணில் குத்திக்கொண்டே இருந்திருக்கும்.

மொழிபெயர்ப்பாளரின் பாதுகாப்பு என்ற பேச்சு இங்கே கட்டாயம் எழும், எழவும் வேண்டும். சீனாவில் வெளிநாட்டு ஊடகங்களுக்குச் சீனக் குடிமக்கள் உதவியாளராக மட்டுமே வேலை செய்யலாம், செய்தியாளராக முடியாது. செய்தியாளர் விமானம் ஏறிப் போய்விடுவார். உதவியாளர் அங்கேயேதான் இருப்பார், விசாரணை வந்தால் அவரிடம்தான் வரும். அதனால் ஒலிபரப்பில் பெயரை மறைப்பது சரி. நிகழ்ச்சியின் ஆசிரியரிடமிருந்து மறைப்பது சரியில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுபவரிடம் உடனே கேட்க வேண்டியது: ‘பெயரை வெளியிட மாட்டோம், எண்ணைக் கொடுங்கள், நாங்கள் பேசிக்கொள்கிறோம்.’ ஜனவரியில் நியூயார்க்கில் இரவு 8 மணி என்றால் ஷென்ஜெனில் மறுநாள் காலை 9 மணி. ஒரு மாலை அலுவலகத்தில் தங்கினால் முடிகிற வேலை.

திரும்பப் பெற்ற விதம்

நிகழ்ச்சி தவறிய அளவுக்கு, திருத்தியதில் நேர்மையாக நடந்துகொண்டது. வானொலியில் திருத்தம் என்றால் வழக்கமாக நிகழ்ச்சியின் ஓரத்தில் அரை நிமிடம். தவறு மணி நேரமாக ஓடியிருக்கும், திருத்தம் பாதிப் பேர் காதில் விழாமலே போய்விடும். இங்கே தவறுக்குக் கொடுத்த அதே ஒரு மணி நேரம் திருத்தத்துக்கும் கிடைத்தது. அதே நிலையங்கள், அதே பாட்காஸ்ட் வழி. முதல் பகுதியில் ஷ்மிட்ஸ் கண்டுபிடித்தவை. இரண்டாவதில் கிளாஸும் டெய்சியும் நேருக்கு நேர். மூன்றாவதில் நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் சார்ல்ஸ் டுஹிக், ஆப்பிளின் சீன ஆலைகள் பற்றி உறுதியாகத் தெரிந்தது என்ன என்று விளக்கினார்.

அந்த மூன்றாவது பகுதி அவசியமானது. திரும்பப் பெற்றதோடு நிறுத்தியிருந்தால், ஆலைகளில் எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்ற எண்ணம் நேயர் மனதில் தங்கியிருக்கும். டெய்சியோ, மேடையில் தான் செய்தது நாடகம் என்றும், அதைச் செய்தியாக வானொலியில் போகவிட்டதற்கு வருந்துவதாகவும் சொன்னார். கிளாஸ் அவரைக் குற்றம் சாட்டினாலும், தவறு இறுதியில் எங்களுடையது என்று நிகழ்ச்சியின் பேரில் ஏற்றுக்கொண்டார். ஏப்ரலில் சிகாகோவில் டெய்சியை மேடையேற்றத் திட்டமிட்டிருந்த நிகழ்ச்சி ரத்தானது. 454ஆவது பகுதியின் ஒலிப்பதிவு விலக்கப்பட்டது. எழுத்துவடிவம் திருத்தக் குறிப்போடு இருக்கிறது. அதற்குப் பிறகு சரிபார்ப்பை மட்டுமே செய்யும் ஆட்களை நிகழ்ச்சி அமர்த்திக்கொண்டது.

இதில் தாங்க முடியாத இழப்பு ஒன்று உண்டு. 2011 மே மாதம் செங்டு ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபேட் உறைகளை மெருகேற்றும் பகுதியில் அலுமினியத் தூசி வெடித்து நான்கு பேர் இறந்தார்கள், 18 பேர் காயமடைந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஷாங்காயில் இன்னொரு ஆலையில் அதே போன்ற வெடிப்பு, 59 பேருக்குக் காயம். இவையெல்லாம் பெயரோடும் தேதியோடும் இருந்த உண்மைகள். காற்றோட்டக் குழாய் சரியாக இருந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடியவை. 2012 மார்ச்சில் இவற்றைப் பற்றிப் பேசியிருக்க வேண்டிய நேரத்தை, ஒரு முதியவர் ஐபேடைத் தடவினாரா இல்லையா என்ற விவாதம் எடுத்துக்கொண்டது.

ஷ்மிட்ஸுக்குத் துப்பாக்கி பற்றிய வரி உறுத்தியது அவர் அங்கே குடியிருந்ததால். வெளிநாட்டில் ஒரு செய்தியாளரைக் குடியமர்த்தும் செலவு பெரிது: வாடகை, விசா, உதவியாளர் சம்பளம். பணம் குறையும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுவே. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக் கழகத்துக்கு ஏற்கெனவே ஒதுக்கியிருந்த 1.1 பில்லியன் டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆகஸ்ட் 1 அன்று கழகம் தன் வேலைகளை முடித்துக்கொள்ளத் தொடங்குவதாக அறிவித்தது. அந்தப் பணத்தில் பெரும்பங்கு உள்ளூர் நிலையங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. நிலையங்கள் அதில் ஒரு பகுதியைக் கொண்டுதான் தேசிய, சர்வதேச நிகழ்ச்சிகளுக்குக் கட்டணம் செலுத்தின. இனி ஷென்ஜெனிலிருந்தோ வேறு ஊரிலிருந்தோ வரும் செய்தியை, ஒரு வாரம் போய்வந்த தனி ஆள் கொண்டுவருவது கூடும். அங்கேயே இருந்து அதைக் கேட்டு முகம் சுளிப்பவர் குறைவார். அப்படிக் கொண்டுவருபவரிடம் ஆசிரியர் முதலில் வாங்க வேண்டியது மொழிபெயர்ப்பாளரின் எண். அதை ஸ்கிரிப்ட் கைக்கு வருவதற்கு முன்பே வாங்கி, அன்றே அழைத்துப் பார்க்க வேண்டும்.